ஏரிக்கரையில் ஒற்றைக் கூடாரம்



1996 ஜூலை 21. கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில், பெஞ்ச் ஏரி அருகே இருந்த காவல் முகாமில் ஒரு மனிதர் தாளை எடுத்து நாலு வரி எழுதினார். தாம் ரோந்து போவதாகவும், திரும்பி வர மூன்று நான்கு நாள் ஆகும் என்றும் அதில் இருந்தது. பிறகு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் மலைக்காவலர் ரேண்டி மோர்கன்சன். வயது 54. அந்த மலையில் அது அவருக்கு 28-ஆவது கோடை. யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தவர். வழி தவறிய எத்தனையோ பேரைத் தேடிப் போனவர். அந்த முறை அவரைத் தேடிப் பிறர் போகவேண்டியதாயிற்று. ஹெலிகாப்டர்கள் வந்தன, மோப்ப நாய்கள் வந்தன, கூட வேலை பார்த்தவர்கள் பாறை பாறையாக ஏறி இறங்கினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

அந்தத் தேடல் எப்படி முடிந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். உயர்ந்த மலைகளில், ஏரிகளையும் கணவாய்களையும் தாண்டித் தனியாக நடப்பதைப் பற்றிய பேச்சு இது. தனிநடை என்றால் யார் தயவும் இல்லாமல் திரிவது என்று நினைப்பவர்கள் நிறைய. சியரா நெவாடா மலைத்தொடரின் கதை அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. அங்கே தனியாக நடப்பவர் அடிக்கு அடி யாரோ வெட்டிய படியில்தான் கால் வைக்கிறார். அந்த ‘யாரோ’க்களைத் தெரிந்துகொண்டு நடப்பது ஒரு நடை, தெரியாமல் நடப்பது வேறு நடை.

பாதையின் பெயர் ஜான் மியூர் பாதை. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி, மவுண்ட் விட்னி சிகரத்தில் முடிகிறது. நீளம் 340 கிலோமீட்டர். விட்னியின் உயரம் 4,421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. வடக்கே இருக்கும் தயோகா சாலையைத் தாண்டிவிட்டால், பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மலைத்தொடரைக் கடக்கும் வாகனச் சாலை ஒன்றுகூடக் கிடையாது. ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. டோனஹூ, சில்வர், செல்டன், மியூர், மேதர், பிஞ்சோ, கிளென், ஃபாரெஸ்டர் என்று கணவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தெற்கே போகப்போக உயரம் பெரும்பாலும் கூடுகிறது. டோனஹூ 3,370 மீட்டர். ஃபாரெஸ்டர் 4,009 மீட்டர். பெரும்பாலோர் முடிக்க மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கணவாய்க்குக் கணவாய் இடையே ஏரிகள். பனியாறுகள் மலைச்சரிவை அகப்பையால் வழித்தெடுத்தது போலக் குடைந்து விட்டுப்போன குழிகள் அவை. ஒரே பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக, மணி கோத்தாற்போல, ஒன்றன் தண்ணீர் அடுத்ததில் வழிகிறது. கருங்கல் தரை, நிழல் தராத குட்டை மரங்கள், கண்ணாடித் தண்ணீர். ஆயிரம் தீவு ஏரிக்கு அந்தப் பெயர் பொய்யாக வரவில்லை. கல்திட்டுகள் தலை நீட்டிக்கொண்டே இருக்கும். அதன் பின்னால் பேனர் சிகரம் நிற்கிறது. அந்த அழகே ஏரிக்குப் பகையாகவும் ஆனது. கூட்டம் பெருகியதால், ஏரித் தண்ணீர் வெளியேறும் வாயைச் சுற்றிக் கால் மைல் தூரத்துக்குக் கூடாரம் போட இப்போது தடை. டோனஹூ கணவாய் வழியாகத் தெற்கே செல்ல நாளொன்றுக்கு 45 பேருக்கு மட்டுமே அனுமதி என்று 2015-இல் வரம்பு வைத்தார்கள்.

தனியாக நடப்பவரின் நாள் கடிகாரத்தால் நடப்பதில்லை, தண்ணீரால் நடக்கிறது.

கோடையின் தொடக்கத்தில் கணவாய்களில் பனி இன்னும் கிடக்கும். இரவில் இறுகும் பனி விடிகாலையில் கல்லைப் போல் இருக்கும், அதன்மேல் நடக்கலாம். பத்து மணி வெயில் ஏறியதும் இளகும். மத்தியானம் அதே இடத்தில் கால் வைத்தால் தொடைவரை புதையும், உள்ளே மறைந்திருக்கும் பாறையில் கெண்டைக்கால் உரசிக் கிழியும். ஆறுகளும் அதே கணக்குத்தான். பகல் முழுக்க உருகிய பனி சாயங்காலம் ஓடையில் வந்து சேரும். மாலையில் இடுப்புவரை இழுக்கும் ஓடை, மறுநாள் காலையில் முழங்காலுக்குக் கீழே அடங்கியிருக்கும். ஆகவே அனுபவம் உள்ளவர்கள் மாலையில் ஓடைக்கு இந்தப் பக்கமே படுத்துவிட்டு, விடிந்ததும் கடக்கிறார்கள். மத்தியானம் இன்னொரு வம்பு. சூடான காற்று மலைமுகட்டில் மோதி எழும்பி மேகமாகத் திரளும். இரண்டு மூன்று மணிக்கு இடியும் மின்னலும். மரமே இல்லாத கணவாயில் அப்போது நின்றால், சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் மனிதத் தலைதான்.

இதெல்லாம் கூட்டமாகப் போகிறவர்களுக்கும் பொருந்தும். ஆனால் கூட்டத்தில் ஒருவருக்குத் தோன்றாதது இன்னொருவருக்குத் தோன்றும். “வேண்டாம்ப்பா, நாளைக்குக் கடப்போம்” என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். தனியாக நிற்பவர் அந்த வாயையும் தாமே சுமந்துகொண்டு போகவேண்டும். 2017-இல் சியராவில் பனி மிக அதிகம். அந்தக் கோடையில் நெடும்பாதை நடந்துகொண்டிருந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், வெவ்வேறு ஆறுகளைத் தனியாகக் கடக்கும்போது அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, தனியாக ஒரு முடிவு எடுப்பது எவ்வளவு கடினம் என்பது, நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாதையில் கருங்கரடிகள் உண்டு. உணவை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட காலம் போய்விட்டது. கரடிகள் கயிற்றின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன. இப்போது கெட்டி பிளாஸ்டிக்கால் ஆன உருளை டப்பா ஒன்றை ஒவ்வொருவரும் சுமக்கவேண்டும். வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். ஏழு நாள் உணவு அடங்கினால் அதிகம். அதில் உணவு மட்டும் போனால் பரவாயில்லை. பற்பசை, வெயில் களிம்பு, உதட்டு மெழுகு என்று மணக்கும் எதுவும் உள்ளே போகவேண்டும். முதல் நாள் இரவில் அதை அடுக்குவதைப் பார்க்கவேண்டும். ரொட்டியைத் தட்டையாக அமுக்கி, அவல் பொட்டலத்தின் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இண்டு இடுக்கில் பாதாம் பருப்பைக் கொட்டி, மூடியைத் திருகும்போது பற்பசை வெளியே கிடப்பது கண்ணில் படும். மறுபடி எல்லாவற்றையும் கொட்டவேண்டும். பூட்டிய டப்பாவைக் கூடாரத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, தரையில் வைத்துவிடுவார்கள். ஏரிக்கரையிலும் வைக்கக் கூடாது, சரிவிலும் வைக்கக் கூடாது. கரடியால் திறக்க முடியாது, உருட்ட முடியும். உருண்டு தண்ணீரில் விழுந்தால் ஒரு வாரச் சாப்பாடு போயிற்று. காலையில் விரல் விறைத்திருக்க, மூடியின் பிளாஸ்டிக் நாக்கை அமுக்கித் திறப்பதற்குள் மனிதருக்கே போதும் போதும் என்றாகிவிடும்.

நம் சமையலுக்கும் அங்கே ஒரு சோதனை உண்டு. 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால், வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். துவரம்பருப்பு வேகவே வேகாது. எரிவாயுதான் தீரும். அவல், ரவை, முன்பே வேகவைத்து உலர்த்திய சோறு ஆகியவைதான் அந்த உயரத்துக்கு ஏற்றவை. பாதையின் நடுவே மியூர் டிரெயில் ராஞ்ச் என்ற பண்ணை இருக்கிறது. நடப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே பிளாஸ்டிக் வாளியில் உணவை அடைத்துத் தபாலில் அங்கே அனுப்பி வைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வாளிகள் பெயர் எழுதி அடுக்கிக் கிடக்கும். தனிநடை என்று நாம் சொல்லும் நடையின் பாதி, அந்த வாளிகளைச் சுமந்த கோவேறு கழுதைகளின் முதுகில் இருக்கிறது.

இனி, பாதை போட்டவர்கள்.

முதலில், பாதைக்கு இப்போதைய பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே நடந்தவர்கள். கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் வாழும் பையூட் மக்கள் மலையின் மேற்குப் பக்கத்து மக்களோடு கணவாய்கள் வழியாக வாணிபம் செய்தார்கள். கிழக்கிலிருந்து எரிமலைக் கண்ணாடிக் கல், உப்பு, பைன் கொட்டை; மேற்கிலிருந்து கருவாலிக் கொட்டை. அம்பு முனை செதுக்கும்போது சிதறிய கறுப்புக் கண்ணாடிச் சில்லுகள் இன்றும் சில முகாமிடங்களில் மண்ணில் மினுங்குகின்றன. எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். தங்கள் மூதாதையர் பாதையை அந்த மக்கள் ‘நூமு போயோ’ என்கிறார்கள். மக்களின் பாதை என்று பொருள். இந்தப் பெயர் அங்கே நடப்பவர்களில் பலர் காதில் இன்னும் விழவில்லை என்பது வருத்தம்.

பிறகு ஒரு மாடு மேய்க்கும் பையன். 1884-இல் ஃபிரெஸ்னோ பக்கத்தில் மாமாவின் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்த தியோடர் சாலமன்ஸ் என்ற சிறுவன், தூரத்தில் பனிமுகடுகளைப் பார்த்து, இந்த முதுகெலும்பின் நெடுகிலும் ஒரு பாதை போனால் எப்படி இருக்கும் என்று எண்ணினான். எண்ணியதோடு நிற்கவில்லை. 1892 முதல் அந்த வழியைத் தேடி அலைந்தார். 1895-இல் ஒரு நண்பரோடு போனபோது, ஏரிகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கின் ஆறு சிகரங்களுக்குப் பரிணாமக் கொள்கையாளர்களின் பெயரை வைத்தார்: டார்வின், ஹக்ஸ்லி, ஸ்பென்சர், வாலஸ், ஹெக்கல், ஃபிஸ்க். அதனால்தான் அந்த ஏரிக்கு எவல்யூஷன் ஏரி என்று பெயர். பாதைக்குப் பெயர் தந்த இயற்கையியலாளர் ஜான் மியூர் 1914 டிசம்பர் 24-இல் இறந்தார். அடுத்த ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் அவர் நினைவாகப் பாதை போட 10,000 டாலர் ஒதுக்கியது. வேலை 1938-இல்தான் முடிந்தது. கடைசியாக முடிந்தது பேலிசேட் ஓடையின் செங்குத்தான மலையிடுக்கில் கல்லை அடுக்கி ஏற்றிய படிப்பாதை. அதற்குப் பொன்படிக்கட்டு என்று பெயர்.

ஃபாரெஸ்டர் கணவாயின் தெற்குமுகத்தைக் கீழிருந்து பார்ப்பவருக்கு, அங்கே வழி இருப்பதே தெரியாது. சுவர் போன்ற பாறை; உச்சியில் ஒரு சின்ன வெட்டு. கிட்டே போனால்தான், பாறையை வெடிவைத்துக் குடைந்து, விளிம்பில் கல் அடுக்கி, வளைத்து வளைத்து ஏற்றியிருப்பது தெரியும். அந்த வேலையில் 1930-இல் ஓர் இளைஞர் உயிர்விட்டார். பாதையோரப் பாறையில் அவர் பெயரைத் தாங்கிய தகடு இருக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே மூச்சு வாங்க நிற்பவர்கள் அதைத் தடவிப் பார்க்கிறார்கள்.

வழிகாட்டி நூல் எழுதியவரின் கதை இன்னும் துயரமானது. வால்டர் ஸ்டார், சான்பிரான்சிஸ்கோ வழக்கறிஞர். வயது 30. கோடைதோறும் தனியாகவே இந்த மலையைச் சுற்றிக் கிலோமீட்டர் கிலோமீட்டராகக் குறிப்பு எடுத்தார். 1933 ஆகஸ்டில் எடிசா ஏரி அருகே முகாம் போட்டுவிட்டு, பக்கத்திலுள்ள மினரெட் முகடுகளில் ஏறப் போனவர் வரவில்லை. எந்த முகடு என்று யாரிடமும் சொல்லவில்லை. முகாமிலும் எழுதி வைக்கவில்லை. சியராவின் மற்ற இடங்களைப் போல அங்கே கெட்டிக் கருங்கல் கிடையாது. பழைய எரிமலைப் பாறை, கைவைத்தால் பெயரும். தந்தையும் நண்பர்களும் நாள்கணக்கில் தேடி ஓய்ந்து திரும்பினார்கள். நார்மன் கிளைட் என்ற மலையேறி மட்டும் விடவில்லை. அவரும் தனியாகவே தேடினார். ஆகஸ்ட் 25 அன்று, மைக்கேல் மினரெட்டில் ஏறி இறங்கும் வழியில், ஓர் ஈ ரீங்காரமிட்டுக் கடந்து போனது. கிளைட் நின்றார். திரும்பிப் பாறை விளிம்புகளைத் துழாவிப் பார்த்தார். ஒரு திட்டில் ஸ்டாரின் உடல் கிடந்தது. அங்கேயே கற்களை அடுக்கி மூடினார்கள். மகன் விட்டுப்போன குறிப்புகளைத் தந்தை ஒழுங்குபடுத்தி, 1934-இல் வழிகாட்டி நூலாக வெளிக்கொண்டு வந்தார். பல தலைமுறை நடையாளர்கள் அந்தச் சின்ன நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

ஒரு முகட்டின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், அந்தத் தந்தைக்கு அத்தனை நாள் வேதனை இருந்திருக்காது. இன்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி வந்துவிட்டது. மாலையில் கூடாரம் போட்டதும் ஒரு பொத்தானை அமுக்கினால், ‘இங்கே இருக்கிறேன்’ என்ற செய்தி வீட்டுக்குப் போய்விடும். சுதந்திரம் குறைகிறதே என்று சிலர் அதை வெறுக்கிறார்கள். வீட்டில் காத்திருப்பவரின் இரவைச் சற்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பொத்தான் ஒரு பாரமாகத் தோன்றாது.

ஏரிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யாரும் தொடாத தண்ணீர் என்று நடப்பவர்கள் மகிழ்ந்து பார்க்கும் அந்த ஏரிகளில் மீன் துள்ளும். அந்த மீன்கள் அங்கே உரியவை அல்ல. உயர்சியரா ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இயற்கையாக மீனே கிடையாது. அருவிகளைத் தாண்டி மீனால் மேலே வர முடியவில்லை. தூண்டில்காரர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிரௌட் மீன்களைப் பாத்திரங்களில் சுமந்து கொண்டுபோய் விட்டார்கள். பின்னர் விமானத்திலிருந்தே கொட்டினார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு குடி இருந்தது: மஞ்சள்கால் மலைத்தவளை. அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு முதல் நான்கு ஆண்டு பிடிக்கும். அத்தனை குளிர்காலத்தையும் தாங்கவேண்டுமானால், அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். மீனுக்கும் அதே ஆழமான ஏரிதான் வேண்டும். தலைப்பிரட்டைகளை மீன்கள் தின்று தீர்த்தன. மிஞ்சியவற்றைத் தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் வாரிக்கொண்டு போனது. முன்பு வாழ்ந்த இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இன்று அந்தத் தவளை இல்லை. 2014-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. தேசியப் பூங்கா ஊழியர்களும் ஆய்வாளர்களும் தேர்ந்தெடுத்த ஏரிகளில் வலை விரித்து, ஆண்டுக்கணக்கில் பொறுமையாக மீனைக் களைந்தார்கள். நோய் தீவிரமாகத் தாக்காத ஏரிகளில் தவளைகள் மறுபடி பெருகின. மத்தியான வெயிலில் கரைப் பாறையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்தால், சின்னச் சின்னதாகத் தண்ணீரில் தொப் தொப்பென்று குதிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க நூறு கிலோமீட்டர் நடக்கலாம்.

மோர்கன்சனும் ஓர் ஏரியின் அருகேதான் கிடைத்தார். 2001 ஜூலையில், ஐந்து ஆண்டுக்குப் பின், பாதைப் பணியாளர்கள் விண்டோ சிகரத்துக்குக் கீழே ஓடைப் பகுதியில் ஒரு முதுகுப்பையைக் கண்டார்கள். அருகே அவருடைய எச்சங்கள். மேலே உள்ள ஏரியின் வாயில், உறுதியாகத் தெரிந்த பனி உடைந்து உள்ளே விழுந்திருக்கவேண்டும் என்று கருதுகிறார்கள். 28 கோடையும் பனியைப் படித்தவர். அறிவு குறைந்ததால் நேர்ந்ததல்ல. தேடியவர்கள் அந்தப் பக்கமும் வந்திருந்தார்கள். தண்ணீருக்கும் பனிக்கும் அடியில் இருப்பது தெரியவில்லை.

பாதையின் நடுப்பகுதியில் மியூர் கணவாய் இருக்கிறது. உயரம் 3,644 மீட்டர். ஏறும் பக்கம் வாண்டா ஏரி, இறங்கும் பக்கம் ஹெலன் ஏரி. இரண்டும் மியூரின் மகள்கள் பெயர். உச்சியில், சுற்றிலும் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், 1930-இல் கட்டிய ஒரு கற்குடில். கூரையும் கல்தான், வட்டமாக அடுக்கிக்கொண்டே போய்க் கூம்பாக முடித்திருக்கிறார்கள். சும்மா இரவு தங்க அனுமதி இல்லை. புயலில் மாட்டிக்கொண்டவருக்கு மட்டும். கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் காற்றின் இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். சுவரோரம் கல் திண்ணை. ஆலங்கட்டி மழையில் ஓடிவந்து, முன்பின் தெரியாதவர்கள் மூன்று பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரே அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குடிப்பது அங்கே வழக்கமான காட்சி. மழை விட்டதும் ஆளுக்கொரு வழியாகப் போய்விடுவார்கள். பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசி இரவு பெரும்பாலும் கிட்டார் ஏரியில். மேலிருந்து பார்த்தால் கிட்டார் வடிவம். விட்னி உச்சியில் சூரியன் எழுவதைக் காண நள்ளிரவு தாண்டியதும் கிளம்புகிறார்கள். இருட்டில் மலைமேல் தலைவிளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து வளைந்து ஏறும். உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு கூட்டுச்சந்தி வரும். திரும்பி வந்து அங்கிருந்துதான் கீழே இறங்கவேண்டும் என்பதால், எல்லாரும் முதுகுப்பையை அங்கே பாறையில் சாய்த்துவிட்டு, தண்ணீர்க் குப்பியோடு மேலே போவார்கள். உச்சியில் 1909-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் கட்டிய கற்கூடம் நிற்கிறது. படம் எடுத்துக்கொண்டு, குளிர் தாங்காமல் இறங்கி வருபவர்கள் தங்கள் பையைத் தேடுவார்கள். வரிசையாக இருபது முப்பது பைகள். காவலுக்கு ஆள் கிடையாது. மலையணில் இனத்து மர்மோட் மட்டும் ஒன்றிரண்டு சுற்றும். வேர்வை உப்பு ஊறிய தோள்பட்டியைக் கடித்துச் சுவைப்பதில் அதற்கு ஆசை. முதலில் வந்து சேர்ந்தவர் ஒரு கல்லைத் தரையில் தட்டி அதை விரட்டிவிட்டு, தம் பையை மாட்டுமுன், பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் யாருடைய பையையோ நிமிர்த்தி, பட்டிகளை உள்ளே மடித்து வைத்துவிட்டுப் போவார். சாலைமுனைக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இறங்கவேண்டும்.